மின்னஞ்சலும் மூல ஓலையும்

கையெழுத்திட்ட காகிதம் பெட்டியில் இருந்தால்தான் உரிமை உண்டு, அஃதில்லையேல் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று என்று எண்ணுவது நம்மவரிடையே நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். ஊரைவிட்டுப் பிழைக்க வந்த குடும்பங்களிடம் இவ்வெண்ணம் இன்னும் மிகுதி. சொந்த ஊரில் ஒருவர் சொன்ன சொல்லுக்குத் தெருவே சாட்சியாக நிற்கும். இங்கோ அடுத்த வீட்டுக்காரரின் பெயரையே ஆறு மாதங்கழித்துத்தான் அறிகிறோம். ஆதலின் காகிதத்தைப் பொன்போலப் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். ஆயினும் இன்று நம் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதிக்குக் காகிதமே கிடையாது என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

பொம்மனஹள்ளியில் நம் குடும்பங்கள் நடத்தும் வாழ்வைச் சற்றே நோக்குங்கள். ஓசூர் சாலையை ஒட்டிய ஆடைத் தொழிற்சாலைகளுக்குக் காலையில் நடந்து செல்லும் பெண்மணிகளும், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வண்டியேறும் இளைஞர்களும், ஹொங்கசந்திராவின் சந்துகளில் கடை வைத்திருக்கும் அன்பர்களும் நாள்தோறும் ஏதேனும் ஓர் ஒப்பந்தத்தில் சிக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வேலைக்கு அமர்த்தும் ஆணை மின்னஞ்சலில் வருகிறது. ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் வேலை உறுதியாகிறது. வாடகை இவ்வளவு, அட்வான்சு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடிக்கிறார். தவணைக் கடனும் காப்பீடும் கைப்பேசியில் வரும் ஆறிலக்க எண்ணைத் தட்டிய மாத்திரத்தில் நிறைவேறுகின்றன. எழுதுகோலை எவரும் தொடுவதில்லை.

இவை சட்டத்தின் முன் செல்லுமா என்று நம் சங்கத்துக்கு வரும் அன்பர்கள் அடிக்கடி வினவுகிறார்கள். பெரும்பாலும் செல்லும் என்பதே சுருக்கமான விடை. ஆனால் செல்லும் என்பது வேறு, செல்லும் என்று மன்றத்தில் நிலைநாட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேதான் நம்மவர் பணம் விழுந்து தொலைகிறது. அதுபற்றியே இங்கு எழுத முற்பட்டேன்.

ஒப்பந்தம் என்பது காகிதத்தின் பெயர் அன்று. இருவர் மனம் ஒரு பொருளில் ஒன்றுபடுவதற்கே அப்பெயர். ஒருவர் முன்வைப்பதை மற்றொருவர் ஏற்று, அதற்கு ஒரு கைம்மாறும் இருந்து, இருவரும் தகுதியுடையோராய் மனமார இசைந்திருந்தால் அது ஒப்பந்தம் ஆகும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் கட்டளையிட்டிருந்தாலன்றி எழுத்தே கட்டாயமில்லை. அச்சட்டம் பிறந்த காலத்திலேயே தந்தி வந்துவிட்டது. தந்தி அனுப்பித் தம் சொல்லைத் திரும்பப் பெறும் ஒருவரை அச்சட்டமே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுபோயிற்று. சட்டப்புத்தகத்தில் அந்த எடுத்துக்காட்டு மட்டும் இன்னும் நிற்கிறது.

தந்திக்குப் பின்னர்த் தொலைபேசி பரவியது. அகமதாபாத்தில் இருந்த வணிகர் ஒருவரும் காம்காவ் என்னும் ஊரிலிருந்த வணிக நிறுவனத்தாரும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்க விற்கத் தொலைபேசியிலேயே பேசி முடித்தனர். சரக்கு வரவில்லை, வழக்கு வந்தது. ஒப்பந்தம் எவ்வூரில் பிறந்தது, எவ்வூர் மன்றத்தில் வழக்காடுவது என்னும் கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஏற்றுக்கொண்ட சொல் எவர் காதில் விழுந்ததோ அவர் இருந்த ஊரில்தான் ஒப்பந்தம் பிறந்தது என்று 1965இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி இதயதுல்லா மட்டும் மாறுபட்டார். அவ்வழக்கில் சண்டை ஊரைப் பற்றியதே. கம்பியின் வழியே பேசி ஒப்பந்தம் செய்யலாம் என்பது ஆறு பத்தாண்டுகளுக்கு முன்னரே நம் மன்றங்களுக்குப் பழகிப்போன செய்தி.

கணினி வந்தபோது உலக நாடுகள் எல்லாம் ஒரே கேள்வியை எதிர்கொண்டன. ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 1996இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்துக் கொடுத்தது. அதனைத் தழுவி இயற்றப்பட்ட நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே 10-ஏ என்னும் பிரிவு சேர்ந்து, 2009 அக்டோபர் 27 முதல் அமலாயிற்று. மின்னணு வடிவத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளலாகாது என்பதே அப்பிரிவின் சாரம்.

இதனை நன்கு விளக்கிய வழக்கு ஒன்று உண்டு. துபாயிலிருந்த டிரைமெக்ஸ் என்னும் வணிக நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட்டு கனிமத்தைத் தருவித்துத் தருவதாக வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கு 2007 அக்டோபர் 15ஆம் நாள் மின்னஞ்சல் விடுத்தது. சரக்கின் தன்மை, பணம் செலுத்தும் முறை முதலியன பற்றி மின்னஞ்சல்கள் போயின, வந்தன. மறுநாளே ஐந்து கப்பல் சரக்குக்கு இசைவு வந்துவிட்டது. அதை நம்பி டிரைமெக்ஸ் நிறுவனம் கப்பலும் பேசிவிட்டது. பின்னர் வேதாந்தா பின்வாங்கியது. முறையான ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கையொப்பமிடப்படவே இல்லை, ஆகவே ஒப்பந்தமே ஏற்படவில்லை என்று அது வாதிட்டது. உச்சநீதிமன்றம் 2010 ஜனவரியில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. பொருளும் விலையும் அளவும் பிறவும் மின்னஞ்சல்களிலேயே முடிவாகிவிட்டன. அதன்பின் பத்திரம் எழுதுவது ஒரு சடங்கே. அது நடவாமற் போனதனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட ஒப்பந்தம் பிறவாததாகிவிடாது என்பது தீர்ப்பின் கருத்து. அத்தீர்ப்பை வழங்கிய நீதிபதி ப. சதாசிவம் ஈரோட்டுப் பக்கத்துத் தமிழர். பின்னாளில் 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார்.

கோடிக்கணக்கில் புரளும் நிறுவனங்களின் வழக்கு நமக்கெதற்கு என்று சிலர் எண்ணலாம். கப்பல் சரக்குக்கும் ஓரறை வீட்டு வாடகைக்கும் சட்டம் ஒன்றே.

அயல்நாட்டு வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்து உழவர் ஒருவருக்குத் தானிய வணிகர் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பி, உறுதி செய்யுமாறு கேட்டார். உழவர் மறுமொழியாக ஓர் எழுத்தும் எழுதவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சிறு படம் ஒன்றைத் தட்டிவிட்டார். விதை வரவில்லை. அந்தக் கட்டைவிரலே கையொப்பம் என்று 2023இல் மன்றம் கூறி, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டு மன்றமும் 2024இல் அதனையே உறுதிப்படுத்தியது. கனடாத் தீர்ப்பு நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆயினும் நம் பாட்டனார் கைநாட்டு வைத்த அதே கட்டைவிரல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் பத்திரத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்டு நான் நெடுநேரம் சிரித்தேன். படித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரலைத் தட்டிவிடும் பழக்கமுள்ள நம் வீட்டு இளைஞர்கள் சிரிப்போடு சிறிது சிந்திக்கவும் செய்யலாம்.

நிற்க. ஒப்பந்தம் வேறு, கையொப்பம் வேறு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். மின்னஞ்சலின் அடியில் நம் பெயரைத் தட்டி அனுப்புவது ஒப்பந்தத்துக்குப் போதுமானதாகலாம். ஆனால் சட்டம் மின்னணுக் கையொப்பம் என்று சிறப்பித்துக் கூறுவது அதனை அன்று. அது கணக்கினால் ஆகிய கையொப்பம். பத்திரம் முழுவதையும் ஒரு கணித முறையால் பிழிந்து ஒரு சிறு எண்கோவையாக்குகிறார்கள். அதனைக் கையொப்பமிடுபவரிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவுகோலால் பூட்டுகிறார்கள். அதற்கு இணையான பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். பத்திரத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது. திருத்தியிருக்கிறார்கள் என்பது உடனே வெளிப்பட்டுவிடும். மை கொண்டு இட்ட கையெழுத்துக்கு இந்த ஆற்றல் இல்லை. நூறு ரூபாயை ஆயிரமாக்கினாலும் கீழேயுள்ள கையெழுத்து அப்படியேதான் இருக்கும்.

இத்தகைய கையொப்பத்துக்குச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுக்கு மைய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி உரிமம் அளிக்கிறார். கம்பெனிகளின் இயக்குநர்களும் கணக்காய்வாளர்களும் சிறு கருவி ஒன்றில் அதனை அடக்கிச் சாவிக்கொத்தோடு வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அக்கருவி வாங்க இயலாத பொதுமக்களுக்காக 2015இல் ஆதாரை அடிப்படையாகக் கொண்ட முறை வந்தது. ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அதனைக் கொடுத்தவுடன் அந்த ஒரு கையொப்பத்துக்கென்றே திறவுகோல் உண்டாக்கப்பட்டுக் கையொப்பம் விழுந்துவிடும். இன்று பெங்களூரில் வாடகைப் பத்திரங்கள் சில இம்முறையிலேயே கையொப்பமாகின்றன.

ஆதலின் ஓ.டி.பி. என்பது ஏதோ ஓர் எண் அன்று. சில வேளைகளில் அதுவே நம் கை. தரகரோ, கடன் வாங்கித் தருகிறேன் என்று வாசலுக்கு வருபவரோ, உங்களுக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் அம்மா என்று கேட்கும்போது, உங்கள் கையைச் சிறிது நேரம் கொடுங்கள், நான் கையெழுத்திட்டுக்கொள்கிறேன் என்றுதான் கேட்கிறார். பிறருடைய மின்னணுக் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வஞ்சகமாகப் பயன்படுத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு இடந்தருகிறது. ஆனால் நாமே எடுத்துச் சொன்ன எண்ணை வைத்து வஞ்சித்தார் என்று பின்னர் நிலைநாட்டுவது எளிதன்று.

இனி நம் நகரத்து வழக்கு ஒன்றுக்கு வருகிறேன். இதுவரை கூறியவற்றிலெல்லாம் நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுவே என்பது என் கருத்து. ஒருவர் நமக்குத் தரவேண்டிய பணத்துக்கு வழக்காடப் பொதுவாக மூன்றாண்டே காலம். அதற்குள், ஆம், இன்ன கடன் எனக்கு உண்டு என்று கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அந்நாளிலிருந்து மீண்டும் மூன்றாண்டு எண்ணப்படும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இது. சரி, அவர் காகிதத்தில் எழுதாமல் மின்னஞ்சலில் எழுதினால்? 2013இல் சுதர்சன் கார்கோ என்னும் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் டெக்வாக் எஞ்சினியரிங் என்னும் நிறுவனத்தின்மீது தொடர்ந்த வழக்கில் கருநாடக உயர்நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி நின்றது. மின்னஞ்சலில் மையால் இட்ட கையெழுத்து இல்லை என்பது மெய்தான். ஆயினும் அதனை அனுப்பியதை அனுப்பியவர் மறுக்காதபோது, கடனை ஒப்புக்கொண்டு எழுதிய மின்னஞ்சலே செல்லத்தக்க ஒப்புதலாகும் என்று நீதிமன்றம் கூறிற்று.

எங்கள் தெருவில் இது ஒரு குடும்பத்துக்கு எவ்வாறு கைகொடுத்தது என்று கூறுகிறேன். கணவர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மாஸ்டர். மனைவியும் அங்கேயே வேலை செய்பவர். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். 2021ஆம் ஆண்டு ஜூனில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். 90,000 ரூபாய் அட்வான்சு அவரிடம் நின்றுபோயிற்று. வாடகைப் பத்திரமோ பதினொரு மாதத்துக்கு எழுதியது. காலம் முடிந்து புதுப்பிக்கப்படவும் இல்லை. 2024 ஆகஸ்டில் அவ்வம்மையார் என்னிடம் வந்து, "மூணு வருஷம் தாண்டிப் போச்சு, இனிமே கேக்க முடியாதுன்னு சொல்றாங்களே ஐயா, நெசமா?" என்று கேட்டார். அவர் முகத்தைக் கண்டபோது, அத்தொகை எத்தனை நாள் மிகுநேர வேலை என்று என் மனம் கணக்கிட்டது.

வீட்டுக்காரர் இடையில் ஏதேனும் எழுதினாரா என்று கேட்டேன். 2022 நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்ததாகவும், வண்ணப்பூச்சுச் செலவு போக மீதி 75,000 ரூபாயை விரைவில் அனுப்புவதாக அதில் இருந்ததாகவும் மகன் நினைவுகூர்ந்தான். ஆனால் அம்மின்னஞ்சல் முகவரியைத் திறந்து கொடுத்தவர் கைப்பேசிக் கடைக்காரர். கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. கைப்பேசியும் மாறிவிட்டது. பழைய எண்ணை மட்டும் அவர்கள் கைவிடாமல் மாதந்தோறும் பணங்கட்டி வைத்திருந்தது நல்லூழ். அந்த எண்ணுக்கு வந்த குறியீட்டைக் கொண்டு முகவரியை மீட்டோம். மின்னஞ்சல் அங்கே அப்படியே இருந்தது. மூன்றாண்டுக் கணக்கு 2022 நவம்பரிலிருந்து புதிதாகத் தொடங்கிவிட்டது. வக்கீல் ஒருவர் அறிவிப்பு விடுத்தார். அனுப்பவில்லை என்று வீட்டுக்காரரால் மறுக்க முடியவில்லை. 60,000 ரூபாய் வங்கிக்கு வந்தது. எஞ்சியதற்கு அவர் வேறு கணக்குச் சொல்கிறார். அது இன்னும் தீரவில்லை.

இந்த இடத்தில் எனக்குத் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நினைவுக்கு வருகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் அவ்வழக்கை நம் குடும்பங்களில் அறியாதார் இல்லை. சுந்தரருக்குத் திருமணம் நடக்கும் வேளையில் ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எனக்கு அடிமையோலை எழுதிக் கொடுத்திருக்கிறான் என்கிறார். சுந்தரர் சினந்து ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ கலங்கவில்லை. கிழித்தது படி ஓலை. மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அதனைக் காட்டுகிறார். சபையோர் பக்தியை நோக்கவில்லை, பரபரப்புக்கும் இடங்கொடுக்கவில்லை. எழுத்து உண்மையில் பாட்டனாருடையதுதானா என்று அறிய, அவர் முன்பு எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்புநோக்கினர். சாட்சிக் கையெழுத்துகளையும் ஆராய்ந்தனர். பின்னரே தீர்ப்புச் சொல்லினர். அனுபவத்தில் இருத்தல், எழுத்தாவணம், அயலார் கண்டு கூறல் என மூவகைச் சான்றுகளைப் பற்றி அச்சபையில் பேச்சு எழுகிறது. இறைவனே வாதியாக வந்தாலும் மூலத்தைக் காட்டு என்று கேட்ட சபை அது!

நம் கைப்பேசியில் எடுத்து வைக்கும் திரைப்படப்பிடிப்பு, அதாவது ஸ்கிரீன்ஷாட், படி ஓலைதான். அச்சிட்டு எடுத்துச் செல்லும் மின்னஞ்சலும் படி ஓலையே. செய்தி வந்து இறங்கிய கைப்பேசியும், அஞ்சல் தங்கியிருக்கும் பெட்டியும் மூல ஓலைக்கு நிகரானவை. நம் மன்றங்களும் இவ்வாறே நோக்கின. மின்னணுப் பதிவின் படியை மட்டும் கொண்டுவருபவர், அது எக்கருவியில் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று உரிய சான்றிதழும் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் கேரளத் தேர்தல் வழக்கொன்றில் கண்டிப்பாகக் கூறிற்று. 2020 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அதனை உறுதிசெய்தனர். கருவிக்கு உரியவரே அதனை மன்றத்துக்கு எடுத்துவந்து, இது என்னுடையது, இதில் இருப்பது மூலப்பதிவு என்று சாட்சி கூறினால் சான்றிதழ் வேண்டுவதில்லை என்றும் தெளிவுபடுத்தினர். அவை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின்கீழ் எழுந்த தீர்ப்புகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் அதன் இடத்தைப் பெற்றது. அதன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இரு பகுதிகளை உடையது. ஒன்றைப் பதிவை முன்வைப்பவரும் மற்றொன்றை வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். முன்னே நான் கூறிய பிழிந்தெடுத்த எண்கோவையையும் அதில் குறிக்க வேண்டும். பாட்டனார் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டாற்போல, இன்று எண்ணோடு எண்ணை ஒப்பிடுகிறார்கள்.

ஆகவே தீபாவளிக்குப் புதுக் கைப்பேசி வாங்கப் பழையதைக் கடையில் கொடுத்துக் கழித்துக்கொள்ளும் முன், அதில் எவருடைய வாக்குறுதி இருக்கிறது என்று பார்ப்பது நலம். வாட்ஸ்அப்பில் செய்திகள் தாமே மறையும்படி அமைத்திருந்தால் பண விவகாரம் பேசுபவரிடத்திலாவது அதனை நீக்கிவிட வேண்டும். வாயால் பேசி முடித்ததை அன்று மாலையே, இன்று நாம் இன்னின்னவாறு பேசிக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் நல்லது. எதிர்த்தரப்பார் மறுக்காமல் அதற்கு விடை எழுதினால் நமக்கு ஓலை கிடைத்துவிட்டது. தமிழிலேயே எழுதலாம், ஆங்கிலம் தெரியவில்லையே என்று எழுதாமல் விடுவதைக் காட்டிலும் அது ஆயிரம் மடங்கு மேல்.

வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பள உயர்வு, ஊக்கத்தொகை, விடுவிப்பு நாள் ஆகியவை பற்றிய வாக்குறுதிகளெல்லாம் அலுவலகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலேயே கிடக்கின்றன. வேலையைவிட்டு நீங்கும் நாளில் அப்பெட்டி பூட்டப்படும். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு நிறுவனத்திலிருந்து விலகிய மாலையே தம் முகவரிக்குள் நுழைய முடியாமற்போயிற்று. தருவதாகச் சொன்ன தொகைக்குச் சான்று அவர் பெட்டியில்தான் இருந்தது. பெட்டியோ தரவேண்டியவர் வீட்டில். பணியாணையையும் தமக்கு உரிய சம்பளக் கடிதங்களையும் வந்த அன்றே சொந்த முகவரியில் சேர்த்துக்கொள்வதே தக்கது. நிறுவனத்தின் தொழில் இரகசியங்களை அவ்வாறு அனுப்புவது பெருங்குற்றமாகும் என்பதையும் மறவாதிருப்பார்களாக.

மின்னஞ்சல் இவ்வளவு செய்யும் என்பதனால் எல்லாம் செய்யும் என்று எண்ணிவிடலாகாது. பெங்களூரில் நம்மவர் பலர் மாத வாடகை இன்றி இலட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். லீசு என்பர், போக்கியம் என்பர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டே ஆகவேண்டும். வீட்டை அடைமானமாகப் பெறுவதாயின் பதிவோடு இரு சாட்சிகளும் வேண்டும். எத்தனை மின்னஞ்சல் இருந்தாலும் அவை பணம் கொடுத்ததைக் காட்டுமேயன்றி வீட்டின்மீது உரிமையை உண்டாக்கா. முத்திரைத்தீர்வை செலுத்தாத பத்திரத்தையும் மன்றம் அப்படியே ஏற்பதில்லை. கருநாடக முத்திரைச் சட்டப்படி தீர்வையோடு அதன் பத்து மடங்குத் தண்டமும் கட்டிய பின்னரே அதனைச் சான்றாகக் காட்ட முடியும். ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளும் அன்பர்கள் இதனைக் கருத வேண்டுகிறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டமே தன் முதல் அட்டவணையில் சிலவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. காசோலை நீங்கலாகப் புரோநோட்டு போன்ற பணப்பத்திரங்கள், பவர் பத்திரம், டிரஸ்டுப் பத்திரம், உயில் ஆகியவற்றை மின்னணு வடிவில் செய்துகொள்ள இயலாது. 2022இல் வந்த அறிவிக்கை, ரிசர்வ் வங்கி முதலிய அமைப்புகளின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் புரோநோட்டுக்கும் பவர் பத்திரத்துக்கும் விலக்கு அளித்தது. நிலம் வீடு விற்கும் ஒப்பந்தத்தையும் அந்த ஒதுக்கப்பட்ட பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எனினும் கிரயப் பத்திரத்துக்குப் பதிவு வேண்டும் என்னும் சட்டம் மாறவில்லை. ஊரிலுள்ள பூர்வீக நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தம்பிக்கோ மைத்துனருக்கோ அதிகாரம் கொடுப்பவர்கள் அதனைக் காகிதத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நீயே எல்லாம் பார்த்துக்கொள் என்று வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தியைக் கொண்டு தம்பி பத்திர அலுவலகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அவ்வாறு செய்ய முடியாமலிருப்பதும் ஒருவகையில் நமக்குக் காப்பே.

சென்ற மாதம் நம் சங்கத்து ஞாயிறு கூட்டத்தில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், தம் நகைகளை எந்த மகளுக்கு எது என்று குரலாகப் பேசி மூத்த மகளின் கைப்பேசிக்கு அனுப்பி வைத்துவிட்டதாகவும், இனிக் கவலையில்லை என்றும் மகிழ்ந்து கூறினார். அது உயில் ஆகாது என்று சொல்ல எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வருவித்தோம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவர் கையொப்பமும் அதனைக் கண்ட இரு சாட்சிகளின் கையொப்பமும் இருந்தால் போதும். அவர் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதினார். அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தாமே உரக்கப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட்டார்.